பதினோராவது கட்டத்தில் போட்ட கோடு: எங்கள் ஜமாஅத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஜமாஅத் தலைவர், முத்தவல்லி, செயலாளர், நிர்வாகக் குழுவினர், இமாம் ஹஜ்ரத் ஆகியோருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

சென்ற மாதம் நம் பள்ளிவாசலில் என் மகளுக்கு நிக்காஹ் நடந்தது. மறுநாள் காலையில் என் மகன் நிக்காஹ் பதிவின் ஜெராக்ஸைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். மணமகன் பெயர், மணமகள் பெயர், பெண்ணின் பொறுப்பாளரான வலீ, சாட்சிகள், மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மஹர் எல்லாம் சரியாக இருந்தன. பதினோராவது கட்டத்துக்கு வந்தேன். ‘வேறு ஷரத்துகள் இருப்பின்’ என்று அச்சடித்து, கீழே நாலைந்து வரி எழுதும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரைக்கும், அளவுகோல் வைத்து, நீல மையில் ஒரு கோடு.

அங்கே ஐந்து ஷரத்துகள், அதாவது நிபந்தனைகள், இருந்திருக்க வேண்டும். மாப்பிள்ளையும் பெண்ணும் பேசி ஒத்துக்கொண்டு, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஒரு வாரம் முன்னதாகவே ஜமாஅத் அலுவலகத்தில் கொடுத்தவை அவை. நிக்காஹ் நேரத்தில் மாப்பிள்ளையே அதைக் கேட்டிருக்கிறார். “இப்ப வேணாம், சபை காத்திருக்கு, அப்புறம் பாத்துக்கலாம்” என்று பதில் வந்ததாம். வெளியே விருந்துச் சாப்பாட்டுக்குச் சஹன் பரப்பியாகிவிட்டது, வெளியூர்க்காரர்கள் பஸ்ஸுக்குப் போக வேண்டும். என் மகனுக்கு அந்த இடத்தில் வாதாட மனம் வரவில்லை. அவனை நான் குறை சொல்லவில்லை.

‘அப்புறம்’ பன்னிரண்டு நாளில் வந்துவிட்டது. ‘இனி நிக்காஹ் பதிவேட்டில் மஹர் தவிர வேறு ஷரத்துகள் எழுதப்பட மாட்டாது’ என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினீர்கள். கோடு என் மகளுக்குப் போட்டது. அறிவிப்பு இந்த ஊரில் இனி நிக்காஹ் ஆகப்போகும் ஒவ்வொரு பெண்ணுக்கும் போட்டது. அதனால்தான் செயலாளரைத் தனியாகப் பார்த்துப் பேசுவதோடு நிறுத்தாமல், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். முப்பத்தொரு வருடம் பெண் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். உங்களில் சிலருடைய மனைவிமார் என்னிடம் படித்தவர்கள். நான் சண்டைக்காரி இல்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்த ஐந்து ஷரத்துகள் என்னவென்று ஊரில் பலவிதமாகப் பேசுகிறார்கள். ‘மாப்பிள்ளையைக் கட்டிப்போடப் பார்த்தார்கள்’ என்றுகூடக் காதில் விழுந்தது. அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் பி.எட். முடிக்கவும் அதன்பிறகு வேலைக்குப் போகவும் தடை இருக்கக்கூடாது. விசாவுக்கோ வியாபாரத்துக்கோ அவளுடைய நகையை எடுத்தால் எத்தனை கிராம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், திருப்பும்போதும் கிராம் கணக்கில் திருப்ப வேண்டும். வெளிநாட்டு வேலைக்காக இரண்டு வருடத்துக்கு மேல் பிரிந்திருப்பதென்றால் அது இரண்டு பேர் சம்மதத்தோடு நடக்க வேண்டும். ஆறு மாதம் தொடர்ந்து செலவுக்கு அனுப்பாமல் இருந்தாலோ, அவளுக்குத் தெரியாமல் இன்னொரு நிக்காஹ் செய்தாலோ, ஒரு தலாக்கைத் தானே சொல்லிக்கொண்டு விலகும் உரிமையை அவர் அவளுக்குக் கொடுத்திருக்கிறார். இந்த நான்கும் என் மகள் கேட்டவை. ஐந்தாவது மாப்பிள்ளை கேட்டது: ஒவ்வொரு வருடமும் ரமளான் மாதம் முழுவதும் அவள் அவருடைய உம்மாவோடு இருக்க வேண்டும். நோன்பு திறக்கும்போது அவர் உம்மா தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது என்றார்.

இதைப் பேசி முடிக்க இரண்டு வாரம் ஆனது. எங்கள் வீட்டு முன்கூடத்தில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்துதான் பேசினோம். மூன்றாவது ஷரத்து வந்ததும் மாப்பிள்ளை ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “எங்க வாப்பா பதினெட்டு வருசம் வெளிநாட்டுச் சபர்ல இருந்தாங்க மாமி. அதுல ஏழு தடவைதான் நான் அவங்களப் பாத்தேன்” என்றார். அவருடைய உம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். மூன்றாவது ஷரத்து அப்படியே நின்றது, ஒரு எழுத்து மாறவில்லை. இந்தப் பேச்சு இல்லாமல் நிக்காஹ் முடிந்திருந்தால், என் மகள் தன் மாப்பிள்ளையைப் பற்றி இதைத் தெரிந்துகொள்ள எத்தனை வருடம் ஆகியிருக்குமோ. மற்ற கல்யாணங்களில் நாம் என்ன பேசுகிறோம்? எத்தனை பவுன், எத்தனை சஹன், பந்தல் யார். கட்டிக்கொள்ளப்போகும் இரண்டு பேர் எப்படி வாழப்போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஷரத்து எழுத வேண்டும் என்று உட்கார்ந்ததால்தான் அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் கேட்கப்பட்டது.

இப்போது என் ராத்தாவைப் பற்றி, என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மறைந்து பத்து வருடம் ஆகப்போகிறது. உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

1989-ல் அவருக்கு நிக்காஹ். மஹர் 1,001 ரூபாய். அன்றைய விலைக்கு அது அரைப் பவுன்கூட வராது. வாப்பா போட்டது 32 பவுன். நாலு வருடம் கழித்து மச்சான் விசாவுக்காக இருபது பவுன் கேட்டார், ராத்தா கழற்றிக் கொடுத்தார். அடுக்களை வாசலில் நின்றுகொண்டு இரண்டு வளையலைக் கழற்ற வராமல் சோப்பு நுரை போட்டுக் கழற்றியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். “அடுத்த வருசம் இதவிடக் கனமா வாங்கியாறேன்” என்றார் மச்சான். எழுதித் தாருங்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்களைத்தான் தப்பாகப் பேசியிருப்பார்கள்.

2004-ல் மச்சான் வேறு ஊரில் இன்னொரு நிக்காஹ் செய்துகொண்டார். செலவுக்குப் பணம் வருவது நின்றுபோனது. வாப்பா ஜமாஅத்தில் மனு கொடுத்தார். அன்றைய நிர்வாகம் கூட்டி விசாரித்தது, அதற்கு நன்றி. ஆனால் அங்கே கேட்ட முதல் கேள்வி, “நகைக்கு எழுத்து ஏதும் இருக்கா?” இல்லை. புத்தகத்தை எடுத்துப் பார்த்தார்கள். அதில் இருந்த ஒரே கணக்கு மஹர் 1,001. மச்சான் பத்து நூறு ரூபாய்த் தாளையும் ஒரு ரூபாய்க் காசையும் மேஜையில் எண்ணி வைத்தார். அந்த வருடம் அதைக் கொண்டு கால் பவுன்கூட வாங்க முடியாது. ராத்தா அந்தப் பணத்தைத் தொடவில்லை. உம்மாதான் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

தலாக்கும் கிடைக்கவில்லை. கணவர் கொடுக்க மாட்டேன் என்றார். வேண்டுமென்றால் மஹரைத் திருப்பிக் கொடுத்து, மனைவி கேட்டு விலகும் குலாவைக் கேட்கட்டும் என்றார்கள். ஐந்து வருடம் ராத்தா மனைவியாகவும் இல்லை, விலகியவளாகவும் இல்லை. அந்நிஸா அத்தியாயத்தின் 129-வது வசனம், ஒருத்தியைத் தொங்கவிடப்பட்டவளைப் போல விட்டுவிடாதீர்கள் என்று சொல்கிறது. அந்த வசனத்தை ஹஜ்ரத் பயானில் ஓதும்போதெல்லாம் தையல் மிஷினில் குனிந்திருக்கும் என் ராத்தாவின் முதுகுதான் எனக்குத் தெரியும். இரண்டு வருடம் செலவுக்குக் கொடுக்காத கணவனிடமிருந்து கோர்ட் மூலம் விலக 1939-ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. மனைவியின் சொத்தைக் கணவன் விற்றுவிடுவதையே அந்தச் சட்டம் கொடுமைகளில் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறது. இது எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு யாரும் சொல்லவுமில்லை. படித்த தங்கச்சியாக இருந்தும் நான் தேடிப் பார்க்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

என் மகள் அந்த வீட்டில் வளர்ந்தவள். பெரியும்மாவின் மடியில் பள்ளிக்கூடப் பாடம் படித்தவள். அவள் நிபந்தனை எழுதிக் கேட்டதற்குக் காரணம் சீரியலும் இல்லை, செல்போனும் இல்லை.

இனி உங்கள் தரப்பில் சொல்லப்படும் காரணங்களுக்கு வருகிறேன்.

‘இது வெள்ளைக்காரன் வழக்கம், கல்யாணத்துக்கு முன்னால் அக்ரிமென்ட் போடுவது நம் மார்க்கத்தில் இல்லை’ என்று ஒரு உறுப்பினர் சொன்னாராம். எனக்கு இது புரியவே இல்லை. நிக்காஹ் என்பதே ஒப்பந்தம்தானே? ஈஜாப் (முன்மொழிவு), கபூல் (ஏற்பு), சாட்சி, மஹர், இவை எல்லாம் என்ன? 1886-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சையத் மஹ்மூத், முஸ்லிம் திருமணம் ஒரு குடிமை ஒப்பந்தம் என்று தீர்ப்பிலேயே எழுதினார். இந்த நாட்டில் வேறு சமூகத்துப் பிள்ளைகள் திருமணத்துக்கு முன் ஒப்பந்தம் எழுத ஆசைப்பட்டால், பொதுக் கொள்கைக்கு விரோதம் என்று நீதிமன்றங்கள் அதைத் தள்ளிவிடுவதுதான் வழக்கமாக இருந்து வருகிறது. ஆனால் கோவாவில் போர்ச்சுகீசியர் காலத்துச் சட்டத்தை வைத்து நோட்டரி முன்னால் எழுதிக்கொள்ள முடிகிறது. நமக்கோ அந்த வாசல் ஆதியிலிருந்தே திறந்திருக்கிறது. மற்றவர்கள் கேட்டும் கிடைக்காத ஒன்றை நாம் கையில் வைத்துக்கொண்டு, அதன் மேல் கோடு போடுகிறோம்.

நிறைவேற்றப்பட வேண்டிய ஷரத்துகளிலேயே மிக முக்கியமானவை நிக்காஹுக்காக ஒத்துக்கொண்டவை என்ற கருத்தில் உக்பா இப்னு ஆமிர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி புகாரியில் இருக்கிறது. இதை நான் ஹஜ்ரத் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஹஜ்ரத் சொன்ன காரணம் வேறு. அதற்கு மரியாதையோடு பதில் சொல்கிறேன். ‘அல்லாஹ் ஹலாலாக்கியதை ஷரத்துப் போட்டு ஹராமாக்க முடியாது, இரண்டாவது நிக்காஹ் கூடாது என்று எழுதினால் நம் ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்ட வழியில்) அது செல்லாது’ என்றார்கள். ஹன்பலி மத்ஹபில் அப்படி எழுதினாலும் செல்லும் என்பதையும், 1917-ல் உஸ்மானிய அரசு போட்ட குடும்பச் சட்டம் அந்தக் கருத்தை எடுத்துக்கொண்டதையும் ஒரு பக்கம் வைத்துவிடுவோம். என் மகள் எழுதியது அதுவே இல்லை. ‘நீங்கள் செய்யக் கூடாது’ என்று அவள் எழுதவில்லை. ‘செய்தால் எனக்கு விலகும் உரிமை உண்டு’ என்று எழுதினாள். ஒன்று தடை. இன்னொன்று, தலாக் உரிமையைக் கணவரே மனைவி கையில் கொடுக்கும் தஃப்வீள். இரண்டும் ஒன்றல்ல.

ஷாஃபி மத்ஹபில் இதற்கு வழி இல்லையா? மலேசியாவுக்குப் போய்ப் பாருங்கள். நம் ஊரில் பாதி வீட்டுக்கு அங்கே சொந்தம் இருக்கிறது. அங்கே நிக்காஹ் முடிந்த கையோடு மாப்பிள்ளை தஃலீக் என்னும் ஷரத்து வாசகத்தைச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறார். குறிப்பிட்ட மாதங்கள் மனைவியை விட்டுப் போய்விட்டாலோ, செலவுக்குக் கொடுக்காவிட்டாலோ, துன்புறுத்தினாலோ, அவள் ஷரீஅத் நீதிமன்றத்தில் முறையிட்டு அது நிரூபணமானால் ஒரு தலாக் நிகழ்ந்துவிடும். இந்தோனேசியாவில் அந்த வாசகம் நிக்காஹ் புத்தகத்திலேயே அச்சடித்திருக்கிறது: இரண்டு வருடம் விட்டுப் போனால், மூன்று மாதம் செலவுக்குக் கொடுக்காவிட்டால், அடித்தால், ஆறு மாதம் கவனிக்காமல் விட்டால். இரண்டும் ஷாஃபி நாடுகள். என் சாச்சி மகள் பினாங்கில் நிக்காஹ் ஆனபோது அவளுடைய மாப்பிள்ளை சபை முன்னால் இதைச் சத்தமாக வாசித்தார். நம் ஊரிலிருந்து போன பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு துஆவுக்குக் கையேந்தினார்கள். அதே பெரியவர்களில் ஒருவர் இன்று நிர்வாகக் குழுவில் இருக்கிறார்.

பாகிஸ்தான், பங்களாதேஷ் நிக்காஹ் நாமாவில் பதினெட்டாவது கட்டமே இதற்காகத்தான் இருக்கிறது: தலாக் உரிமையைக் கணவர் மனைவிக்குக் கொடுத்திருக்கிறாரா, என்ன ஷரத்தின் பேரில். அங்கேயும் காஜிகள் அந்தக் கட்டத்தில் பெண்ணைக் கேட்காமலே கோடு போடுகிறார்கள் என்று அங்குள்ள பெண்கள் பல காலமாகப் புலம்புகிறார்கள். நாடு வேறு, பாஷை வேறு, கோடு மட்டும் ஒரே மாதிரி.

நம் நாட்டு நீதிமன்றங்களும் தஃப்வீளை ஏற்றிருக்கின்றன. 1950-ல் கல்கத்தா உயர் நீதிமன்றத்திலும் 1955-ல் கவுகாத்தியிலும் அப்படித் தீர்ப்பு வந்திருக்கிறது. 2017-ல் முத்தலாக் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, அகில இந்திய முஸ்லிம் தனிச்சட்ட வாரியம் அந்த வருடம் மே மாதம் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தது. ஒரே மூச்சில் முத்தலாக் சொல்வதை விலக்கும் ஷரத்தை நிக்காஹ் நாமாவில் சேர்க்கும்படி மணமக்களுக்கு அறிவுரை சொல்ல, நிக்காஹ் நடத்திவைப்பவர்களைக் கேட்டுக்கொள்வோம் என்று அதில் சொல்லியிருந்தார்கள். அதாவது, ஷரத்துக் கட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பயன்படுத்தச் சொல்கிறோம் என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் நம் சமுதாயத்தின் பெயரால் வாக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. நம் ஊர் அறிவிப்பு அதற்கு நேர் எதிராகப் போகிறது.

அடுத்தது, ‘எழுதிக் கேட்டால் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம், பரக்கத் போய்விடும்’ என்பது. இதை நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது. பள்ளிவாசல் சுவரை ஒட்டி நம் ஜமாஅத்துக்கு எட்டுக் கடைகள் இருக்கின்றன. எட்டுப் பேரும் நம் மஹல்லாவாசிகள். ஐந்து நேரமும் உங்கள் பக்கத்தில் நின்று தொழுகிறவர்கள். அவர்களிடம் முத்திரைத் தாளில் பதினோரு மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதித்தானே கடை கொடுக்கிறீர்கள்? என்றைக்குக் காலி செய்ய வேண்டும், அட்வான்ஸ் எப்படித் திரும்பும் என்பது வரைக்கும் அதில் இருக்கிறது. அதனால் அவர்கள் மேல் நம்பிக்கை இல்லை என்று யாரும் சொல்வதில்லை. நம் கரையோர ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அந்த வீட்டுக்குப் பத்திரம் பதியாமல் எந்த வாப்பாவும் சாவியைக் கொடுப்பதில்லை. ஒரு கடைக்கும் ஒரு வீட்டுக்கும் தேவைப்படும் எழுத்து, ஒரு பெண் தன் உயிரையும் காலத்தையும் கொடுத்து வாழப்போகும் வாழ்க்கைக்கு வேண்டாமா?

கல்யாண வீட்டில் பிரிவைப் பற்றிப் பேசலாமா என்பதும் உண்டு. தவணை மஹர் என்று புத்தகத்தில் எழுதுகிறோமே, அது எப்போது கொடுப்பது? கேட்டுப் பாருங்கள், மவ்த்தானாலோ (இறந்தாலோ) தலாக் ஆனாலோ என்றுதான் பதில் வரும். நாம் எழுதாதது ஒன்றும் இல்லை. ஆண்களுக்குச் சிரமம் இல்லாததை மட்டும் எழுதுகிறோம்.

இந்த வரி கொஞ்சம் கடுமையாக இருக்கிறது என்று என் மகன் சொன்னான். அழிக்க மனம் வரவில்லை.

எழுதியதே எல்லாப் பிரச்சினைக்கும் மருந்து என்று நான் சொல்லவில்லை. மஹரே வேண்டாம், செலவுக்கே கேட்க மாட்டேன் என்றெல்லாம் எழுதினால் அது நிற்காது. பிள்ளைகள் யாரிடம் வளர வேண்டும் என்பதை நீதிமன்றம் அந்தந்தப் பிள்ளையின் நலனைப் பார்த்துத்தான் முடிவு செய்யும், முன்கூட்டியே எழுதிக் கட்டிவைக்க முடியாது. எழுதுகிற வார்த்தையும் தெளிவாக இருக்க வேண்டும். 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் மேற்கு வங்கத்துப் பெண் ஒருவரின் வழக்கு முடிந்தது. நிக்காஹ் பதிவேட்டில் ஏழு லட்சம் ரூபாயும் 30 பரி (வங்காளத்து எடைக் கணக்கு) தங்கமும் எழுதப்பட்டிருந்தது. அதைக் கொடுத்தது பெண்ணுக்கா, மாப்பிள்ளைக்கா என்பதுதான் சண்டை. கடைசியில் அந்தப் பெண்ணுக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஆனால் அதற்குள் அவருடைய வாழ்க்கையில் எத்தனையோ வருடங்கள் கோர்ட்டிலேயே போய்விட்டன. ‘மணமகளுக்கு’ என்று ஒரு வார்த்தை தெளிவாக இருந்திருந்தால் போதும். நிக்காஹ் புத்தகத்தில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வார்த்தைக்கும் இவ்வளவு கனம் இருக்கிறது. ராத்தாவின் புத்தகத்தில் அந்த அரைகுறை வரிகூட இல்லை.

‘வசதியுள்ள வீட்டுப் பெண்கள் கேட்பார்கள், மற்றவர்கள் பாடு?’ என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. வசதியுள்ள பெண்ணுக்குப் பேச வாப்பா இருக்கிறார், வக்கீல் இருக்கிறார், நாலு பேர் இருக்கிறார்கள். கூலி வேலைக்குப் போகிற உம்மா, அண்ணன் தம்பி இல்லாத வீடு, ஆறு பவுன் சேர்த்துக் கொடுக்கும் கல்யாணம், அந்தப் பெண்ணுக்கு இந்தப் புத்தகத்தை விட்டால் வேறு எழுத்து எது? அந்த ஆறு பவுனும் அடகுக்கடைக்குப் போனால் அவளுக்காக ஜமாஅத்தில் நின்று பேசப்போவது யார்? அவளுக்காகத்தான் இந்தக் கட்டம் முதலில் வேண்டும். கேட்கத் தெரியாதவளுக்கும் அது கிடைக்க வேண்டும் என்றால், கேட்காமலே அவள் முன்னால் வைக்க வேண்டும்.

இன்னொன்றும் எனக்குப் பல வருடமாக உறுத்துகிறது. நிக்காஹ் பதிவின் நகலை மாப்பிள்ளையிடமும் வலீயிடமும் கொடுக்கிறீர்கள். கத்தாருக்கோ துபாய்க்கோ ஃபேமிலி விசா எடுக்க வேண்டும் என்றால் அதையே ஆங்கிலத்தில் டைப் அடித்து, சீல் வைத்து, ஒரே நாளில் தருகிறீர்கள். நல்ல சேவைதான். ஆனால் கையெழுத்துப் போட்ட பெண்ணின் கையில் அந்தத் தாள் போய்ச் சேருவதே இல்லை. ராத்தா தன்னுடைய நிக்காஹ் பதிவை முதன்முதலாகப் பார்த்தது பதினைந்து வருடம் கழித்து, விசாரணைக் கூட்டத்தில், மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து, தலைகீழாக.

நான் கேட்பது இவைதான்.

பலகையில் ஒட்டிய அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். வரும் பொதுக்கூட்டத்தில் அதை ஒரு தீர்மானமாகவே போட்டு ரத்து செய்யுங்கள். புத்தகத்தில் அச்சடித்திருக்கும் பதினோராவது கட்டம் அப்படியே இருக்கட்டும். அதில் எதையும் எழுதவில்லை என்றால், ‘ஷரத்து இல்லை’ என்று மணமகளே தன் கையால் எழுதட்டும். அலுவலகத்தில் யாரும் அவளுக்காகக் கோடு போடக் கூடாது.

நிக்காஹுக்கு ஒரு வாரமாவது முன்னால் மாப்பிள்ளையையும் பெண்ணையும் அவரவர் குடும்பத்தோடு உட்காரவைத்து, புத்தகத்தின் ஒவ்வொரு கட்டமும் என்னவென்று ஹஜ்ரத் அவர்கள் படித்து விளக்க வேண்டும். மஹர் என்றால் என்ன, உடனே கொடுப்பது எது, தவணை எது, தஃப்வீள் எப்படி எழுதுவது, எதை எழுதினால் செல்லாது, எல்லாம். பெண்ணிடம் தனியாகப் பேச, மஹல்லாவில் ஓதிய, படித்த இரண்டு பெண்களை நியமியுங்கள். நம் பெண்கள் மதரஸாவில் ஆலிமாக்கள் இருக்கிறார்கள். நானும் வரத் தயார், சம்பளம் வேண்டாம்.

மஹரை ரூபாயில் மட்டும் எழுதாமல் தங்கத்தின் எடையிலும் எழுதும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். பெண்ணுக்குப் போட்ட நகையை, ‘மணமகளுக்கு’ என்ற வார்த்தையோடு, எடை போட்டு ஒரு இணைப்புத் தாளில் எழுதி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிப் புத்தகத்தோடு சேருங்கள். சீல் வைத்த நகல் ஒன்றை மணமகள் கையில் நேரடியாகக் கொடுங்கள். வரதட்சணையான கைக்கூலியை ஒழிப்போம் என்று ஒவ்வொரு வருடமும் தீர்மானம் போடுகிறோம். யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுத ஆரம்பித்தால், பாதிப் பேர் வாங்கவே கூச்சப்படுவார்கள் என்று நான் நம்புகிறேன்.

கடைசியாக என் மகள் விஷயம். அந்த ஐந்து ஷரத்துகளையும் தனித்தாளில் எழுதி, பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, மாப்பிள்ளையும் பெண்ணும் மறுபடி கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வேலைக்குத் திரும்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அவர் விமானம் ஏறுவதற்கு முன்னால் அந்தத் தாளில் ஜமாஅத் முத்திரை வைத்து, அவர்களுடைய பதிவோடு இணைத்துத் தர வேண்டும். முடியாது என்றால், என்ன காரணத்தால், எந்த ஆதாரத்தின் பேரில் முடியாது என்று லெட்டர்பேடில் எழுதி, தலைவரும் ஹஜ்ரத்தும் கையெழுத்திட்டுத் தாருங்கள். அடுத்த ஜும்ஆவுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன். என் மகன் அஸர் தொழுகைக்குப் பிறகு அலுவலகத்துக்கு வருவான். தாள் அவன் கையில் இருக்கும்.

வஸ்ஸலாம்.

இந்த மஹல்லாவில் பிறந்து வாழும் ஓர் உம்மா,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை